மூச்சு விடுற எடம்

வாயை மூடிக்கிட்டு ம்ம்ம்னு இழுக்கச் சொல்றாரு. இழுக்கிறேன். வாயை மூடிக்கிட்டு இருக்கிறது எனக்கு ஒண்ணும் புதுசில்ல, வீட்டுல நாள் பூரா அதானே வேலை, அதுக்கு எதுக்கு பெரம்பூர்ல இருந்து கீழ்ப்பாக்கத்துக்கு ஆட்டோ பிடிச்சு வரணும். சர்ச்சு ஹால் மொத்தமும் உறுமுது. செவுத்துல பேனர் கட்டியிருக்காங்க, மறுமலர்ச்சிக் காலத் தேவாலயப் பல்குரல் இசை, ஒரு நாள் பயிலரங்கம்னு, படிக்கவே ரெண்டு மூச்சு வேணும். நடத்துறவரு பேரு வாஸ், தூத்துக்குடிக்காரரு, ஜெர்மனியில படிச்சிட்டு வந்தவராம், கை அசைக்கிறப்ப தண்ணிக்குள்ள அசைக்கிற மாதிரி மெதுவா அசைக்கிறாரு. தோளைத் தொங்கப் போடுங்க, தாடையைத் தொங்கப் போடுங்கங்கிறாரு. அறுபத்தொண்ணு வயசாச்சு, எல்லாம் தானாவே தொங்கிக்கிட்டுதான் இருக்கு. சுத்தி நிக்கிறதெல்லாம் சின்ன வயசுப் பிள்ளைங்க, ஐடி கம்பெனி, காலேஜு, ஆளுக்கொரு தண்ணி பாட்டிலு. சிரிக்கத்தான் தோணுது, ஆனா சிரிப்பு வரலை, சாயங்காலத்துக்குள்ள ஜோயலுக்குப் பதில் சொல்லணும்னு நினைச்சாலே ம்ம்ம் நடுங்குது. ஜோயல் எங்க சர்ச்சுக் கொயர் மாஸ்டர், முப்பது வயசுகூட ஆகலை, கீபோர்டு அவன் கையில துள்ளும். கிறிஸ்மஸ் கேரல் சர்வீஸுக்கு நாலு பார்ட்டா பாடலாமா, இல்ல எல்லாரும் ட்யூனையே பாடிட்டுப் போயிடலாமான்னு போன வாரம் கேட்டான். ஏன் கேட்டான்னா ஆல்ட்டோ, அதான் பொம்பளைங்களோட கீழ்க் குரல், அதைப் பாட நான் ஒருத்திதான் மிச்சம். தனியா மைக்ல பிடிச்சிருவீங்களா ஆன்ட்டி, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க, முடியலன்னா ஆல்ட்டோவை நான் கீபோர்டுலயே போட்டுக்கறேன்னான். எவ்வளவு லேசா சொல்லிட்டான். போட்டுக்கறானாம். அதான் வந்தேன். இங்க ஒரு வரியைத் தனியா, கடைசி வரைக்கும் பிடிச்சிட்டா அவன்கிட்ட சரின்னு சொல்லுறது, முடியலன்னா கொயரையே விட்டுடுறதுன்னு ஆட்டோவுல வர்றப்ப முடிவு பண்ணினேன். விட்டுட்டா வெள்ளிக்கிழமை ப்ராக்டிஸும் கிடையாது, ஞாயித்துக்கிழமை அந்தப் பெஞ்சும் கிடையாது. அப்புறம் வாரத்துல என்ன மிச்சம் இருக்குன்னு யோசிச்சுப் பாத்தேன், அயனாவரம் சிக்னல் வந்துச்சு, யோசனையை விட்டுட்டேன்.

ஹெப்சி இருந்திருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது. இருந்திருந்தான்னு சொன்னா செத்துட்டாளோன்னு தோணும், அதெல்லாம் இல்ல, மெல்பர்ன்ல நல்லா இருக்கா மகராசி, பேரனுக்கு மூக்குத் துடைச்சு விட்டுக்கிட்டு. ரெண்டு பேருக்கும் ஊரு நாசரேத்து, ரெண்டு பேரும் டெலிபோன் ஆபீஸ் வேலைக்குன்னு மெட்ராஸுக்கு வந்தவங்க, அவ கல்யாணம் பண்ணிக்கிட்டா, நான் பண்ணிக்கலை, அவ்வளவுதான் வித்தியாசம். ஏசாயா புஸ்தகத்துல ஒரே வசனத்துல எப்சிபான்னு அவ பேரும் வருது, பியூலான்னு என் பேரும் வருது, பாஸ்டர் ஒரு தடவை பிரசங்கத்துல எங்க ரெண்டு பேரையும் பாத்து அதைச் சொல்லிச் சிரிச்சாரு, இந்த ரெண்டையும் பைபிளே பிரிக்கலைன்னு. பைபிள் பிரிக்கலை, விசா பிரிச்சிருச்சு. கொயர் பெஞ்சுல அவ எனக்கு வலது பக்கம். என் வலது காதுக்குன்னு ஒரு குரல் இருந்துச்சு, இருபத்தாறு வருஷம், கொஞ்சம் மூக்கால வர்ற குரல், ஜலதோஷம் பிடிச்ச மாதிரி, ஆனா சுதி அசையாது. நீளமா ஒரு நோட்டு வந்தா ரெண்டு ஆல்ட்டோவும் ஒரே நேரத்துல மூச்சு விடக் கூடாது, விட்டா அறுந்து போகும். அதனால எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு, யாரும் சொல்லிக் குடுக்கலை, தானா அமைஞ்சது. வரி முடியுற எடத்துல அவ மூச்சு விடுவா, நான் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். அவ திரும்பி வந்து சேந்துக்கிட்டதும் நடு வார்த்தையில நான் விட்டுக்குவேன். வெளிய உக்காந்து கேக்குறவங்களுக்கு ஆல்ட்டோங்கிறது மூச்சே விடாத ஒரே பொம்பளை. அப்படித்தான் இருந்தோம், ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு முழு ஆளா. இப்ப அங்கயும் ஒரு கொயர்ல சேந்துட்டா, போட்டோ அனுப்புறா, பக்கத்துல ஒரு வெள்ளைக்காரி, ஆள் நல்ல ஒசரம், தலையை அப்படியே ஹெப்சி பக்கம் சாச்சு வெச்சுக்கிட்டு. யாரு இவன்னு கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்கலை. அழகா இருக்கு போட்டோன்னு மட்டும் அனுப்பினேன். இவ எந்த எடத்துல மூச்சு விடுறா, நீ எந்த எடத்துல விடுறன்னு கேக்க முடியுமா ஒருத்திகிட்ட, பைத்தியம்னு நினைக்க மாட்டாளா.

உறுமல் முடிஞ்சுது. வாஸ் காகிதத்தைக் குடுக்கிறாரு, நான் ஏற்கெனவே வாட்ஸ்அப்ல வந்ததைப் பிரிண்ட் எடுத்துக் கொண்டாந்துட்டேன், ஏன்னா எனக்கு இந்த அஞ்சு கோட்டுல தொங்குற முட்டையெல்லாம் சட்டுன்னு வாசிக்க வராது. எங்க ஊர்ப்பக்கம் சர்ச்சுல எல்லாரும் படிச்சது சோல்ஃபாதான், டோ ரே மீன்னு எழுத்தாவே எழுதியிருக்கும். ரெண்டு சாயங்காலம் உக்காந்து ஒவ்வொரு முட்டைக்குக் கீழயும் பென்சில்ல டோ ரே மீ போட்டு வெச்சிருக்கேன், பக்கத்துல நிக்கிற பொண்ணு எட்டிப் பாத்துட்டு, வாவ் இது என்ன சீக்ரெட் கோடு ஆன்ட்டிங்கிறா. கோடு இல்ல கண்ணு, என் கண்ணாடின்னேன். பாட்டு ஒரு கீரியே. நானூறு வருஷத்துக்கு முன்னால ஏதோ ஒரு ஸ்பெயின் தேசத்துச் சாமியார் எழுதினதாம், லத்தீனா இருக்கும்னு நினைச்சுக்கிட்டு வந்தா வார்த்தை கிரேக்கமாம். கீரியே எலேய்சோன். கர்த்தாவே இரங்கும். மொத்தப் பாட்டுக்கும் இந்த ரெண்டு வார்த்தைதான், அதையே நாலு குரலும் வேற வேற நேரத்துல ஆரம்பிச்சு, வேற வேற நேரத்துல இழுத்து, ஒருத்தர் கேட்டு முடிக்கிறதுக்குள்ள இன்னொருத்தர் கேக்க ஆரம்பிச்சு, ரேஷன் கடை க்யூ மாதிரி. வாஸ் சொல்றாரு, இதுல யாருகிட்டயும் ட்யூன் கிடையாது, ட்யூன்னு ஒண்ணு தனியா இல்லவே இல்ல, நாலு பேரும் பாடுறது நாலு தனித்தனி பாட்டு, ஒவ்வொண்ணும் முழுசுன்னு. ஆல்ட்டோ தனிப் பாட்டாம். முழுசாம். ஆயுசு பூரா மேல் குரல் சோப்ரானோவுக்குக் கீழ முட்டுக் குடுத்துக்கிட்டு நின்னவளுக்கு இது கேக்க நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்கேன்னு தலையாட்டினதுக்கு அடுத்த நிமிஷம் தூக்கிப் போட்டாரு பாரு ஒரு குண்டு. இப்ப எல்லாரும் கலைஞ்சு நில்லுங்க, ரெண்டு ஆல்ட்டோ பக்கத்துப் பக்கத்துல நிக்கக் கூடாது, உங்க ரெண்டு காதுக்கும் வேற வேற பார்ட்டுதான் கேக்கணும்னாரு. ஐயோ சாமி. எல்லாப் பிள்ளைங்களும் சிரிச்சுக்கிட்டே எடம் மாறுது, கண்ணாமூச்சி ஆடுற மாதிரி. எனக்கு வலது பக்கத்துல ஒரு நரைச்ச மீசைக்காரர் வந்து நின்னாரு, டெனராம், ஆம்பளைங்களோட மேல் குரல். வலது பக்கத்துல. வேற எங்கயாவது நிக்கக் கூடாதா இந்த மனுஷன்.

நான் திருஞானம், ஈ.பி.ல இன்ஜினியரா இருந்து ரிட்டையர் ஆனேன், முகப்பேருன்னாரு. நான் பியூலான்னேன். வீட்டுல எல்லாரும் தேவாரம், நான் ஒருத்தன் மட்டும் இங்க கீரியே பாட வந்துட்டேன், யாருகிட்டயும் சொல்லிடாதீங்கன்னு கண்ணடிக்காத குறையா சொன்னாரு. யாருகிட்ட சொல்ல, எனக்கு யாரைத் தெரியும். ஆரம்பிச்சுட்டாங்க. அடிக் குரல் பாஸ் முதல்ல, அப்புறம் டெனர், அந்த மனுஷன் குரல் என் வலது காதுக்குள்ள கம்பி மாதிரி நுழையுது, நல்ல குரல்தான், குத்தம் சொல்ல முடியாது, அதான் கோவம் வருது. எனக்கு எட்டு தட்டு சும்மா நிக்கணும். ஒண்ணு ரெண்டு மூணு. எண்ணுறதெல்லாம் நான் எண்ணினதே இல்லையே. எங்க வர்றதுன்னு ஹெப்சி முழங்கையால ஒரு இடி இடிப்பா, நான் வந்துருவேன், அவ எண்ணினா போதாதா, வீட்டுக்கு ஒரு கேஸ் அடுப்பு போதாதா. நாலு, அஞ்சா, இல்ல இன்னும் நாலேதானா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல அந்தக் காலத்துல ட்ரங்க் கால் போட்டுக் குடுக்கிறப்ப ரெண்டு பக்கமும் பேச ஆரம்பிச்சதும் நாம காதை எடுத்துடணும், அதுதான் விதி, கேக்கக் கூடாது. மாமியார் செத்துட்டா, பிள்ளை பொறந்திருக்கு, பணம் அனுப்பு, எல்லாத்துக்கும் நடுவுல உக்காந்து எதையும் கேக்காம இருந்தே பழகிட்டேன் போல. இப்ப மூணு பக்கமும் பேசுறாங்க, எல்லாத்தையும் கேட்டாத்தான் என் எடம் தெரியும்ங்கிறாரு வாஸ். விட்டுட்டேன். என் எடம் வந்து, போயே போச்சு. தூரத்துல எங்கயோ இன்னொரு ஆல்ட்டோ சரியா ஆரம்பிச்சு பாடிக்கிட்டு இருக்கா, அவளை எட்டிப் பிடிக்க காதை நீட்டுறேன், நடுவுல இவரு. வாயை மட்டும் அசைச்சேன். சத்தம் இல்லாம கீரியே, சத்தம் இல்லாம எலேய்சோன். இதுக்குத்தான் ஜோயல்கிட்ட சரின்னு சொல்லப் போறியாக்கும்.

ரெண்டாவது தடவை பிடிச்சேன். மூணாவது தடவை கொஞ்சம் நல்லாவே வந்துச்சு, பென்சில் டோ ரே மீயை விரலால தொட்டுத் தொட்டுப் போனேன், டெனர் ஃபா பாடுறப்ப நான் லா, அதை வெச்சுப் பிடிச்சுக்கலாம்னு ஒரு குறுக்கு வழியும் கண்டுபிடிச்சேன். அப்ப வாஸ் கையை நிறுத்தினாரு. அக்கா, நீங்கதான், பச்சைச் சேலைன்னாரு. எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. காது ரெண்டும் சுடுது. கோச்சுக்காதீங்க, கீரியேன்னு வரி முடியுது பாருங்க, எல்லாரும் அந்த எடத்துல மூச்சு எடுக்கிறாங்க, நீங்க எடுக்கவே மாட்டேங்கிறீங்க, அப்புறம் எலேய்னு நடு வார்த்தையில போய் எடுக்கிறீங்க, ஏன்னு கேட்டாரு. என்ன சொல்றது. மெல்பர்ன்ல இருந்து ஒருத்தி திரும்பி வந்து சேர்ற வரைக்கும் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்னா சொல்றது. பழக்கம் சார்ன்னேன். நல்ல பழக்கம்தான், ரெண்டு மூணு பேர் சேந்து பாடுறப்ப, ஆனா இங்க உங்க பக்கத்துல உங்க பார்ட் பாட ஆள் இல்ல அக்கா, வரி முடியுற எடத்துல தாராளமா விடுங்கன்னாரு. தாராளமா விடுங்க. யாரோ பின்னால சிரிச்சாங்க, கேலியா இல்ல, இருந்தாலும் சிரிப்பு சிரிப்புதானே. சரிங்க சார்ன்னு சொல்லிட்டு மறுபடியும் பாடினேன், வரி முடியுற எடம் வந்துச்சு, மூச்சு விடணும்னு மண்டைக்குத் தெரியுது, நெஞ்சு விட மாட்டேங்குது. காவலுக்கு நிக்கிறவன் ஆள் மாத்தாம எப்படி நகருவான். நடு வார்த்தையிலதான் போய் விட்டேன். வாஸ் பாத்துட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிட்டாரு. ஏதாவது சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்ல.

சாப்பாட்டுக்கு விட்டாங்க, தக்காளி சாதமும் உருளைக்கிழங்கு சிப்ஸும் பொட்டலத்துல. பிள்ளைங்க வட்டமா உக்காந்து போன்ல எதையோ காட்டிக் காட்டிச் சிரிக்குது. நான் வெளிய மாதா சிலை இருக்கிற கெபிக்குப் பக்கத்துல சிமெண்ட் பெஞ்சுல போய் உக்காந்தேன், நாங்க மாதா கும்பிடுறவங்க இல்ல, ஆனா நிழல் இருந்துச்சு. தனியா சாப்பிடுறது ஒண்ணும் புதுசில்ல, வீட்டுல தட்டுக்கூட எடுக்கிறதில்ல சில நாளு, சட்டியோட. ஆனா ஊரே கூட்டமா சாப்பிடுறப்ப தனியாச் சாப்பிட்டா சோறு தொண்டையில நிக்குது, அது வேற மாதிரி. ஹெப்சி தினமும் காலையில போன் பண்ணுவா, பல் தேச்சியாட்டின்னு கேப்பா, தேச்சேன்னா வெச்சிருவா, அவ்வளவுதான் பேச்சு. அது பேச்சே இல்ல, நான் உசுரோட இருக்கேனான்னு பாக்குறது, எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அங்க போன புதுசுல விடாம பண்ணினா, அப்புறம் அங்க மத்தியானம் ஆகுதுட்டி, பிள்ளைக்குச் சோறு ஊட்டுற நேரம்னா, அப்புறம் வாய்ஸ் மெசேஜ், இப்ப போட்டோ. குத்தம் சொல்லலை. ஆகஸ்ட்ல எனக்குக் காய்ச்சல் வந்துச்சு, எழுந்திரிக்க முடியலை, கஞ்சி வெக்கக்கூட ஆள் இல்ல, பாத்ரூம் போறப்ப செவுத்தைப் பிடிச்சுக்கிட்டே நினைச்சேன், இங்க விழுந்தா எத்தனை நாள் கழிச்சுக் கண்டுபிடிப்பாங்க, பால்காரன் பாக்கெட்டை வாசல்ல போட்டுட்டுப் போயிடுவான், பாக்கெட் சேந்து நாத்தம் வந்தாத்தான் தெரியும். கிறுக்கு நினைப்புதான், ஆனா பாத்ரூம் பக்கம் போறப்பல்லாம் வருது. அந்த வாரம் கொயருக்குப் போகலை. வெள்ளிக்கிழமையும் போகலை, ஞாயித்துக்கிழமையும் போகலை. யாராவது ஒருத்தர் போன் பண்ணுவாங்கன்னு போனைத் தலைமாட்டுலயே வெச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். அடுத்த ஞாயிறு எலும்பும் தோலுமாப் போய் நின்னா ஜோயல் கேக்குறான், ஆன்ட்டி, போன வாரம் பாட்டு சூப்பர்ல, ஆல்ட்டோ செமையா கேட்டுச்சுல்ல? கீபோர்டு, நான் இல்லாத எடத்துல அவன் கீபோர்டு ஆல்ட்டோ பாடியிருக்கு. ஆமாப்பா, நல்லா இருந்துச்சுன்னேன். வீட்டுக்கு வந்து அழுதேன். காய்ச்சலுக்குக்கூட நான் அழலை, அதுக்கு அழுதேன். போன் அடிக்குது. ஜோயல். எடுக்கலை. உடனே மெசேஜ், ஆன்ட்டி, டிசைட் பண்ணிட்டீங்களா, கூடவே ஒரு சிரிச்ச மூஞ்சி. போனைப் பைக்குள்ள போட்டுட்டு ஜிப்பை இழுத்தேன். இப்பவே கெளம்பிட்டா என்ன. கேட்டைத் தாண்டினா ஆட்டோ ஸ்டாண்டு, யாரும் பாக்கக்கூட மாட்டாங்க. பாக்கக்கூட மாட்டாங்கங்கிறதுதானே பிரச்சனையே.

ஊறுகாய் வேணுமாம்மான்னு திருஞானம் வந்து நிக்கிறாரு, கையில பொட்டலம். தக்காளி சாதத்துக்கு ஊறுகாயா சார்ன்னேன். எங்க வீட்டுல பாயசத்தைத் தவிர எல்லாத்துக்கும் உண்டும்மான்னு சொல்லிட்டு பெஞ்சோட அந்தக் கோடியில உக்காந்தாரு, எலுமிச்சை ஊறுகா, நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்தது நாலு நாலு பேராப் பிரிச்சு சர்ச்சுக்குள்ள பாட விடுறாராமே, பார்ட்டுக்கு ஒருத்தர்தான், லிஸ்ட்டு ஒட்டியிருக்காரு, நம்ம ரெண்டு பேரும் ஒரே செட்டுன்னாரு. எனக்கு வாயில போன சிப்ஸ் போன எடத்துலயே நின்னுடுச்சு. பார்ட்டுக்கு ஒருத்தரா? ஆமாம்மா. நான் தப்பாப் பாடிட்டா உங்க எல்லாருக்கும் கெட்டுப் போகுமே சார்ன்னேன். கெடட்டும்மா, முப்பத்தாறு வருஷம் கரண்டு கட் பண்ணி ஊர் பூராகிட்டயும் திட்டு வாங்கினவன், எனக்கு இதெல்லாம் ஒரு திட்டான்னாரு. சிரிச்சிட்டேன். அதோட சும்மா இருந்திருக்கலாம், ஆனா அவரே சொன்னாரு, வீட்டுல நான் ஏன் இதுக்கு வர்றேன்னு கேக்குறாங்க, சொல்லத் தெரியலம்மா, நாலு பேரு நாலு விதமாத் தனித்தனியாப் பாடியும் சண்டை இல்லாம இருக்கிற ஒரே எடம் இதுதான்னு தோணுச்சு. வீட்டுல சண்டையா சார்னு கேக்க வந்து கேக்கலை. ஒரு வீட்டுல சண்டை போட ஆள் இருக்குறதே எனக்குப் பெரிசாத் தெரிஞ்சுச்சு, அதை அவர்கிட்ட சொல்ல முடியாது. தண்ணி குடிச்சிட்டு எழுந்திரிச்சோம்.

சர்ச்சு சில்லுன்னு இருக்கு, மெழுகுவத்தியும் பினாயிலும் சேந்த வாசனை. மேல ரொம்ப ஒசரம், பேசினா பேச்சு கொஞ்ச நேரம் அங்கயே சுத்திட்டு அப்புறம் போகுது. முன்னால ரெண்டு செட்டு பாடி முடிச்சாச்சு. முதல் செட்டு நடுவுல நின்னுபோச்சு, சிரிச்சுட்டாங்க, மறுபடி ஆரம்பிச்சாங்க, வாஸ் தட்டிக் குடுத்தாரு, அதைப் பாத்து எனக்குத் தெம்பு வந்திருக்கணும், வரலை. அந்தப் பிள்ளைங்களுக்கு நின்னுபோனா அது ஒரு கதை, நாளைக்கு ஆபீஸ்ல சொல்லுவாங்க. நான் நின்னுபோனா ஞாயித்துக்கிழமை எங்க உக்காருவேன், பின் வரிசையில, தூணுக்கு அந்தப் பக்கம், நெத்திலிக் கருவாடு மாதிரி ஓரமா. பாத்ரூம் போயிட்டு வர்றேன்னு சொல்லலாம். தொண்டை கட்டிருச்சுன்னு சொல்லலாம், கொஞ்சம் இருமிக் காட்டினாப் போதும். இருமிப் பாத்தேன், மேல போய் சுத்திட்டு வந்துச்சு, காலையில கோடுன்னு கேட்ட அந்தப் பொண்ணு திரும்பி தண்ணி வேணுமா ஆன்ட்டின்னுச்சு. அவ பேரு ஷாலட், எங்க செட்டுக்கு சோப்ரானோ, பாஸுக்கு ஆல்வின்னு ஒருத்தன், ஆறடி ஆளு, காலையில இருந்து ஒரு வார்த்தை பேசலை. அடுத்து நீங்கன்னு வாஸ் கூப்பிட்டாரு. கால் நடக்குது. நான் நடக்கலை, கால்தான் நடக்குது.

நாலு பேரும் வட்டமா நிக்கிறோம், மொகத்தைப் பாத்து, நடுவுல வாஸ். ஆல்வின் ஆரம்பிச்சான், அடேயப்பா, இவ்வளவு சத்தத்தை வெச்சுக்கிட்டுதான் பேசாம இருந்தானா. திருஞானம் சேந்தாரு. எண்ணுறேன், அஞ்சு, ஆறு, இடிக்க முழங்கை இல்ல, ஏழு, எட்டு, வந்துட்டேன். கீரியே. என் குரல் எனக்கே கேக்குது. இதுவா? இருபத்தாறு வருஷமா என் குரல்னு நினைச்சுக்கிட்டு இருந்ததுல பாதி அவளோடது போல, இது இன்னும் தடிப்பா, ஓரத்துல கொஞ்சம் கரகரப்பா இருக்கு, அம்மா சோத்துக்குக் கூப்பிடுற குரல் மாதிரி. பரவாயில்ல, போகுது, ஷாலட் மேல வந்துட்டா, நாலு பேரும் கேக்குறோம், இரங்கும், இரங்கும், ஒருத்தர் கேக்குறப்ப இன்னொருத்தர் மூச்சு எடுக்கிறாங்க, ஒருத்தரும் காத்து நிக்கலை. வரி முடியுற எடம் வந்துச்சு. விடு. விடுட்டி. விடலை. நடு வார்த்தையில போய்தான் விட்டேன், எலேய்னு அறுந்துச்சு, செத்தேன்னு நினைச்சேன், கண்ணை மூடிக்கிட்டேன். ஒண்ணும் ஆகலை. அந்த எடத்துல டெனர் மேல ஏறிக்கிட்டு இருந்தாரு, அவர் குரல் அந்த ஓட்டையை மூடிருச்சு, யாருக்கும் தெரியலை. சந்தோஷப்படணும். ஆனா நெஞ்சுக்குள்ள என்னமோ சுருங்குச்சு, ஓ, இங்கயும் அப்படித்தானா, இங்கயும் நான் இல்லன்னா தெரியாதான்னு. அந்தச் சுருக்கத்தோடவே பாடினேன், பக்கம் திரும்புச்சு, கடைசி வரிக்கு வந்துட்டோம், ஒவ்வொருத்தரா வந்து எறங்கி நிக்கிறாங்க, ஆல்வின் அடியில டோ, திருஞானம் சோ, ஷாலட் மேல டோ, கடைசியா நான், மீ. வாஸ் கையை விரிச்சு வெச்சுக்கிட்டாரு. பிடிங்க, பிடிங்கன்னு உதட்டாலயே சொல்றாரு. சர்ச்சு முழுக்க அந்த நாலு நோட்டும் நெறைஞ்சு நிக்குது, எங்க இருந்து வருதுன்னே தெரியாத மாதிரி. பிடிச்சேன். கை மூடலை. பிடிச்சேன். தப்பான எடத்துல மூச்சு எடுத்திருந்தேனே, எனக்கு மத்தவங்களை விட முன்னாலயே தீருது, விலா எலும்பு ஒட்டுது, கழுத்து நரம்பு இழுக்குது, காது வலது பக்கம் தேடுது, இப்ப வந்துருவா, இப்ப வந்துருவா, வந்ததும் நான் விட்டுக்கலாம். வரலை. வர மாட்டா. அஞ்சாயிரம் மைலோ என்ன எழவோ, எங்கயோ ஒரு வெள்ளைக்காரிக்குப் பக்கத்துல நிக்கிறா. விட்டுட்டேன். என் நோட்டு நின்னுருச்சு. அப்பத்தான் கேட்டேன், ஆயுசுல முதல் தடவையா, நான் இல்லாம அது எப்படி இருக்கும்னு. காலி. மூணு பேரும் சரியாத்தான் பாடுறாங்க, சுதி அசையலை, ஆனா நடுவுல காலி, சந்தோஷமா துக்கமான்னுகூடச் சொல்ல முடியாத ஒரு சத்தம், சாமான் எடுத்துட்டுப் போன வீடு மாதிரி. ஆல்வின் தலை நிமிந்து என்னைப் பாத்தான். ஷாலட் பாத்தா. திருஞானம் பாடிக்கிட்டே புருவத்தைத் தூக்கிப் பாத்தாரு. பெஞ்சுல உக்காந்திருக்கிற அத்தனை பேரும் திரும்பினது எனக்குத் தெரிஞ்சுச்சு. வாஸ் கையை மூடியிருக்கலாம். அதோட முடிஞ்சிருக்கும். மூடலை. விரிச்ச கையை அப்படியே என் பக்கம் திருப்பி வெச்சுக்கிட்டு நிக்கிறாரு. நிக்கிறாரு. மூணு பேரும் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. மூச்சு எடுத்தேன், சர்ச்சுக்கே கேக்குற மாதிரி, கெணத்துல வாளி விழுந்த மாதிரி ஒரு சத்தம், வெக்கமே இல்லாம எடுத்தேன், மீன்னு திரும்பி வந்து சேந்தேன், நெறைஞ்சுது. அப்புறம்தான் அவரு கையை மூடினாரு. மேல அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் சுத்திட்டுப் போச்சு.

கைதட்டினாங்க, எல்லா செட்டுக்கும் தட்டினாங்க, எங்களுக்கும் தட்டினாங்க. வாஸ் கிட்ட வந்து, அக்கா, அந்த நோட்டு இல்லன்னா என்ன ஆகும்னு வெளக்க நான் அரை மணி நேரம் பேசலாம்னு இருந்தேன், நீங்க பாடியே காட்டிட்டீங்கன்னாரு. வேணும்னு பண்ணலை சார், மூச்சு முட்டிருச்சுன்னேன். எனக்குத் தெரியும்க்கான்னு சிரிச்சாரு. திருஞானம் ஊறுகாய் டப்பாவைத் தேடிக்கிட்டு இருந்தாரு. எனக்கு அழுகை வர்ற மாதிரியும் இருக்கு, பசிக்கிற மாதிரியும் இருக்கு, வெளிய வந்து அந்த சிமெண்ட் பெஞ்சுலயே உக்காந்து ஜோயலுக்குப் போன் போட்டேன். ஆன்ட்டி, சொல்லுங்க ஆன்ட்டின்னான், பின்னால ட்ரம்ஸ் சத்தம். நாலு பார்ட்டாவே பாடலாம்ப்பா, ஆல்ட்டோ நான் பாடுறேன்னேன். சூப்பர் ஆன்ட்டி, தனியா மேனேஜ் பண்ணிருவீங்களான்னான். பண்ணிருவேன், ஆனா ஒரு எடத்துல எனக்கு மூச்சு தீந்துரும், நின்னுட்டுத்தான் திரும்ப வருவேன், அது எல்லாருக்கும் கேக்கும்னேன். அதனால என்ன ஆன்ட்டி, எந்த எடம்னு சொல்லுங்க, அந்த எடத்துல மட்டும் கீபோர்டுல நான் ஃபில் பண்ணிடறேன், ஒருத்தருக்கும் தெரியாதுன்னான். வேண்டாம் ஜோயல், கேக்கட்டும்னேன்.